நகரம் மாறட்டும்... படுக்கை மாற வேண்டாம்!

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்:

‘‘முதன்முறையாக வெளிநாடு போகிறோம். நான், கணவர், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், 66 வயது மாமியார். சனிக்கிழமை காலை டோக்கியோவில் இறங்கி, அடுத்த சனிக்கிழமை இரவு அங்கிருந்தே கிளம்புகிறோம். ஏழு இரவுகள். டோக்கியோ 2, ஹக்கோனே 1, கியோட்டோ 1, ஹிரோஷிமா 1, ஒசாகா 2 என்று திட்டம். நடுவில் நாராவையும் பார்த்துவிட ஆசை. அத்தைக்கு முட்டிவலி உண்டு. ஆனாலும் புல்லட் ரயில்தான் இருக்கிறதே, சமாளித்துவிடலாம் இல்லையா?’’

சமாளித்துவிடலாம். ஆனால், பல வருடச் சேமிப்பை எடுத்துச் செலவு செய்து போவது சமாளிப்பதற்கா என்பதுதான் என் கேள்வி. இந்தக் கடிதம் ஒருவருடையதுதான் என்றாலும், முதல் பயணத்துக்குத் திட்டம் போடுகிற பெரும்பாலான குடும்பங்களின் காகிதம் இப்படித்தான் இருக்கிறது. அதனால் இந்த வாரம் முழுக்க இதற்கே பதில்.

ரயில் 2 மணி நேரம்... இடமாற்றம் 5 மணி நேரம்!

டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ‘நோசோமி’ என்கிற வேகமான ஷின்கான்சென் ரயில் இந்தத் தூரத்தைச் சுமார் 2 மணி 15 நிமிடத்தில் கடந்துவிடுகிறது. இந்த 2 மணி 15 நிமிடத்தைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம்.

நிஜக் கணக்கு இதோ. ஜப்பானிய ஹோட்டல்களில் அறையைக் காலி செய்யவேண்டிய நேரம் பெரும்பாலும் காலை 10 அல்லது 11 மணி. புது ஹோட்டலில் அறை கிடைப்பது பிற்பகல் 3 மணிக்கு. காலை எழுந்து பெட்டி கட்டி, எதையாவது விட்டுவிட்டோமா என்று கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்து, ரயில் நிலையம் போய், லிஃப்ட் எங்கே என்று தேடி, பிளாட்பாரம் பிடித்து, ரயில் ஏறி இறங்கி, அடுத்த ஊரில் ஹோட்டலைத் தேடிப் போய்ப் பெட்டியை வைக்கும்போது மணி 3 ஆகியிருக்கும். ஊர் மாறுகிற ஒவ்வொரு நாளும் ஐந்து மணி நேரம் காலி.

இப்போது வாசகியின் திட்டத்தைப் பாருங்கள். வந்து இறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் விட்டுவிட்டால் கையில் இருப்பது ஞாயிறு முதல் வெள்ளி வரை ஆறு நாள். அதில் திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நான்கும் பெட்டி இழுக்கிற நாட்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த கியோட்டோவுக்குக் கிடைப்பது ஒரே ஒரு மாலைப் பொழுது!

இன்னொன்றும் நடக்கும். மூன்றாம் நாள் முட்டி வீங்கியதும், அத்தை, ‘‘எனக்கு ஒண்ணுமில்லம்மா. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க, நான் ரூம்லயே இருக்கேன்’’ என்பார். யாரை அழைத்துக்கொண்டு போகவேண்டும் என்று ஆசைப்பட்டீர்களோ, அவர் ஹோட்டல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளியே சுற்றுகிற மூவருக்கும் மனசு நிற்காது. திட்டம் போடும்போதே தவிர்க்கவேண்டியது இதைத்தான்.

இரண்டே ஹோட்டல் போதும்

வேகமான ரயில் இருப்பதன் உண்மையான லாபம், தினம் ஓர் ஊரில் தங்கலாம் என்பதில் இல்லை. ஒரே இடத்தில் தங்கிக்கொண்டு தினம் ஓர் ஊருக்குக் கைவீசிக்கொண்டு போய் வரலாம் என்பதில்தான் இருக்கிறது.

இதற்குக் கியோட்டோ மாதிரி வசதியான ஊர் குறைவு. கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து நாராவுக்கு சுமார் 45 நிமிடம். ஒசாகாவுக்கு அரை மணி நேரம். ஹிரோஷிமாவுக்கு நோசோமியில் சுமார் 1 மணி 40 நிமிடம். ஒசாகாவின் கான்சாய் விமான நிலையத்துக்கு ‘ஹருகா’ என்ற ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் சொச்சம். எல்லாமே ஒரே நிலையத்திலிருந்து கிளம்புகின்றன.

ஆகவே என் யோசனை: டோக்கியோவில் 3 இரவு, கியோட்டோவில் 4 இரவு. ஐந்து ஹோட்டல் இரண்டாகிறது. நான்கு இடமாற்றம் ஒன்றாகிறது.

கூடவே இன்னொரு மாற்றம். டோக்கியோவில் இறங்கி, கான்சாயில் ஏறுங்கள். விமான டிக்கெட் எடுக்கும்போது ‘ரவுண்ட் டிரிப்’ என்பதற்குப் பதில் ‘மல்டி சிட்டி’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாகப் போகும் விமானங்கள் இரண்டு ஊர்களுக்கும் இருக்கின்றன. கடைசி நாளன்று விமானத்துக்காக மறுபடி டோக்கியோவுக்கு ஓடவேண்டியதில்லை.

ஒரு கனமான நாள்... ஒரு லேசான நாள்

சனி: காலையில் இறங்கினாலும் அறை 3 மணிக்குத்தான். பெட்டிகளை ஹோட்டல் முன்மேசையில் கொடுத்து வைக்கலாம். ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். விமானத்தில் தூங்கியும் தூங்காமலும் வந்திருப்பீர்கள். அன்றைக்கு ஒரு சாப்பாடு, ஒரு சின்ன நடை, சீக்கிரம் தூக்கம். வேறு எதுவும் எழுதாதீர்கள்.

ஞாயிறு: தங்குவதற்கு உயெனோ பகுதி வசதி. நரிடா விமான நிலையத்திலிருந்து நேரடி ரயில் வருகிறது. பக்கத்தில் அசகுசாவின் சென்சோஜி கோயில். உயெனோவின் ஷினோபாசு குளத்து நடுவில் பென்சைதென் தெய்வத்துக்கு ஒரு கோயில் இருக்கிறது. பென்சைதென் வேறு யாருமில்லை, நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு சேர்ந்து ஜப்பான் போனவள். அத்தைக்கு இதைவிட நல்ல முதல் நாள் கிடைக்காது.

திங்கள்: இது மகளின் நாள். மெய்ஜி ஆலயம், ஹராஜுகு, ஷிபுயா நாற்சந்தி. பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள்.

செவ்வாய்: ஒரே இடமாற்ற நாள். ஜன்னலோர ‘ஈ’ இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். கிளம்பி முக்கால் மணி நேரத்தில், மேகம் இல்லாவிட்டால், வலதுபுறம் ஃபூஜி மலை தெரியும். ஹக்கோனேயை விட்டுவிட்டோமே என்ற குறை கொஞ்சம் தீரும். மாலையில் கியோன் வீதிகளில் மெதுவாக ஒரு நடை.

புதன்: ஃபுஷிமி இனாரியின் செந்நிறத் தோரண வாயில்கள் 24 மணி நேரமும் திறந்தவை, கட்டணம் கிடையாது. கியோட்டோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட ரயில். காலை 7 மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது. உச்சி வரை போய் வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அவ்வளவு ஏற வேண்டாம். மகளும் அப்பாவும் கொஞ்ச தூரம் ஏறி வரட்டும், மற்றவர்கள் கீழேயே இருக்கலாம். மதியம் படுக்கை. பிற்பகலில் சான்ஜுசாங்கென்தோ. சுமார் 120 மீட்டர் நீள மண்டபத்தில் 1,001 கன்னோன் சிலைகள், முன்னால் 28 காவல் தெய்வங்கள். பல தெய்வங்கள் நம் ஊரிலிருந்து போனவை. மலையேற்றம் கிடையாது.

வியாழன்: ஹிரோஷிமா. காலை 8 மணிக்குக் கிளம்பி, மாலை இருட்டும் முன் திரும்பிவிடலாம். பக்கத்திலேயே மியாஜிமா தீவு இருக்கிறது, அதையும் சேர்த்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். வேண்டாம். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு நடந்ததைச் சொல்லும் அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு உடனே அடுத்த இடத்துக்கு ஓடத் தோன்றாது. கதிர்வீச்சால் நோயுற்று 12 வயதில் இறந்துபோன சடாகோ என்ற சிறுமியின் நினைவாக எழுந்த சின்னம் அங்கே இருக்கிறது. உலகமெங்கும் பிள்ளைகள் காகிதக் கொக்கு செய்து அனுப்புகிறார்கள். உங்கள் மகளும் முதல் நாள் இரவே சில கொக்குகளை மடித்து எடுத்து வரட்டும். நதிக்கரையில் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். அந்த ஒரு மணி நேரத்தையும் திட்டத்தில் எழுதி வையுங்கள்.

வெள்ளி: முந்தைய நாள் கனமானது, ஆகவே தாமதமாக எழுந்து நாரா. மான்கள், தோதாய்ஜி கோயிலின் சுமார் 15 மீட்டர் உயரப் பெரிய புத்தர். 752-ம் ஆண்டு இந்தப் புத்தருக்குக் கண் திறந்த சடங்கை நடத்தியவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்ற துறவி. மாலையில் தெம்பு இருப்பவர்கள் மட்டும் ஒசாகாவின் தோதோன்போரி விளக்குகளைப் பார்த்துவிட்டு வரலாம்.

சனி: ஹருகா ரயில், கான்சாய், வீடு.

பெட்டி தனியாகப் போகட்டும்

வழியிலுள்ள நிலையங்களில் ஷின்கான்சென் பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடம்தான் நிற்கும். நான்கு பெரிய பெட்டிகளோடு, முட்டிவலிக்காரரோடு இறங்குவது பதற்றம். மேலும், நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு இந்தத் தடத்தில் அதற்குரிய இருக்கையை முன்பதிவு செய்யவேண்டும்.

இதற்கு ஜப்பானியர்களே செய்கிற வழி ‘தக்குஹாய்பின்’ என்ற பெட்டி அனுப்பும் சேவை. திங்கள் காலையில் டோக்கியோ ஹோட்டல் முன்மேசையில் பெட்டிகளைக் கொடுத்தால், வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை கியோட்டோ ஹோட்டலுக்கு வந்துவிடும். பெட்டிக்கு ஏறக்குறைய 2,000 முதல் 3,000 யென். பாஸ்போர்ட், மாத்திரை, ஒரு செட் துணி, ஊறுகாய் பாட்டில் மட்டும் கைப்பையில்.

பாஸ் வாங்கலாமா?

‘ஜேஆர் பாஸ்’ வாங்கினால் லாபம் என்று பழைய வீடியோக்கள் சொல்லும். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. நோசோமியில் ஏற அதற்கு மேலும் கட்டணம் உண்டு. நம் திட்டத்தில் டோக்கியோ - கியோட்டோ சுமார் 14,000 யென், ஹிரோஷிமா போய்வர சுமார் 23,000, நாரா போய்வர சுமார் 1,500. விமான நிலைய ரயில்கள் இரண்டையும் சேர்த்தாலும் தலைக்கு 50,000-ஐத் தொடாது. தனித்தனி டிக்கெட்டே போதும். உங்கள் மகளுக்கு 12 வயது தாண்டிவிட்டதால் முழு டிக்கெட்தான். ஷின்கான்சென் முன்பதிவு ஒரு மாதம் முன்பு திறக்கும்.

பள்ளி விடுமுறைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை அங்கே ‘கோல்டன் வீக்’. ஜப்பானே ரயிலில் இருக்கும். நோசோமியில் முன்பதிவில்லாப் பெட்டியே அப்போது கிடையாது. அந்த வாரம் முடிந்ததும் போவது உத்தமம்.

வயிறும் காலும்

அங்கே காய்கறி சூப் என்று வருவதிலும் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும். சைவம் சாப்பிடுபவர் இருந்தால், சாப்பாடு தேடி அலைவதே ஒரு நாளின் பாதியைத் தின்றுவிடும். டோக்கியோவில் தென்னிந்திய உணவகங்கள் உண்டு. மற்ற ஊர்களில், மூலைக்கு மூலை இருக்கும் 24 மணி நேரக் கடைகளில் வெறும் சாதம் பாக்கெட்டில் கிடைக்கும், சூடு செய்தும் தருவார்கள். இனிப்பில்லாத தயிரும் கிடைக்கும். வீட்டு ஊறுகாய், பருப்புப்பொடி இருந்தால் ஹோட்டல் அறையில் தயிர் சாதம் தயார். கறிவேப்பிலை, பழம், இறைச்சி ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டாம்; விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

நகருக்குள் நால்வராகப் போகும்போது பஸ் கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள். பக்கத்து இடங்களுக்கு டாக்ஸி பெரிய வித்தியாசம் இல்லை. அத்தையின் முட்டிக்காக அதைத் தயங்காமல் செலவு செய்யலாம்.

இன்றைக்கே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு காகிதத்தில் நால்வரும் தனித்தனியாக, ‘இதைப் பார்க்காமல் வந்தால் வருத்தப்படுவேன்’ என்று ஓர் இடத்தை மட்டும் எழுதுங்கள். அத்தையையும் எழுதச் சொல்லுங்கள். ‘எனக்கென்ன தெரியும்’ என்பார், விடாதீர்கள், படங்களைக் காட்டிக் கேளுங்கள். அந்த நான்கு இடங்களும் ஆளுக்குத் தெம்பு இருக்கிற காலை நேரங்களில் வரும்படி நாட்களை மாற்றி அடுக்குங்கள். மற்ற இடங்களெல்லாம் கிடைத்தால் சரி. நாளை மாலையிலிருந்து, ஜப்பானுக்குப் போட்டுக்கொண்டு போகப்போகும் அதே செருப்பில், நால்வரும் அரை மணி நேரம் நடக்க ஆரம்பியுங்கள்.