ஏறும் இடம்

1908இல் திறக்கப்பட்ட சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தை 700 கோடி ரூபாய்க்கும் மேல் செலவழித்துப் புதுப்பித்து வருகிறார்கள். சிவப்பும் வெள்ளையுமான பழைய முகப்பு அப்படியே இருக்கும் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் எந்த நிலையத்தின் புதிய வரைபடம் வந்தாலும் என் கண் தேடுவது முகப்பை அல்ல. சனங்கள் ரயில் ஏறப்போகும் இடத்தைத்தான்.

கோவில்பட்டியையோ சாத்தூரையோ எடுத்துக்கொள்ளுங்கள். பல விரைவு ரயில்கள் அங்கே நிற்பது 2 நிமிடம். 22 பெட்டி கொண்ட ரயிலின் நீளம் அரை கிலோமீட்டருக்கும் மேல். கைவீசி நடப்பவருக்கே அதைக் கடக்க 6 நிமிடம் ஆகும். எஸ்-2 பெட்டி முன்னால் வரும் என்று நின்றிருந்து அது பின்னால் வந்துவிட்டால், பேரனைத் தூக்கிக்கொண்டு, பையையும் இழுத்துக்கொண்டு ஒரு பாட்டி என்ன செய்வார்? ஓடுவார். வேறு வழியில்லை. நம் ஊரில் ரயில் ஏறுவது என்றாலே ஓட்டம் என்று பழகிவிட்டோம். இந்தப் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓட்டம் உயிரையும் வாங்கும். 2025 பிப்ரவரி 15 இரவு, கும்பமேளாவுக்குப் போகும் கூட்டம் புதுடெல்லி நிலையத்தில் நிரம்பியிருந்தது. பிரயாக்ராஜ் பெயரிலேயே வழக்கமான ரயில் ஒன்று, சிறப்பு ரயில் இன்னொன்று. அறிவிப்பைக் கேட்டவர்கள் குழம்பி, படிக்கட்டில் நெரிந்தார்கள். 18 பேர் இறந்தார்கள். 2017இல் மும்பை எல்பின்ஸ்டன் ரோட்டில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் குறுகிய நடைமேம்பாலத்தில் சிக்கியபோது 23 பேர். கூட்டத்தின் மீது பழி போடுவது எளிது. எந்தப் பக்கம் போவது, எங்கே காத்திருப்பது என்று அந்தக் கூட்டத்துக்கு யாரும் சொல்லவில்லை என்பதே உண்மை.

ஏறும் இடத்தின் உயரமும் ஒரு சிக்கல்தான். நம் உயர்மட்ட நடைமேடை தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 செ.மீ.; பெட்டியின் தளமோ 1.2 மீட்டரைத் தாண்டும். மூட்டுவலிக்காரர் கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறவேண்டும். சக்கர நாற்காலிக்காரரை நாலு பேர் தூக்கவேண்டும். அதே சென்னையில் மெட்ரோவில் அவர் தாமாகவே உள்ளே போய்விடுகிறார். மும்பைப் புறநகர்ப் பாதையில் நீதிமன்றம் தலையிட்ட பிறகு நடைமேடைகளை 90 செ.மீ. வரை உயர்த்தினார்கள், ஆக, முடியாத காரியம் ஒன்றுமில்லை.

உயர்த்தப் பணமும் காலமும் வேண்டும், சரி. மற்றவற்றுக்கு அவ்வளவு வேண்டாம். பெட்டிகளின் வரிசையை நாளுக்கு நாள் மாற்றாமல் வைத்தால், எஸ்-2 நிற்கும் இடத்தைத் தரையிலேயே பெயிண்டால் எழுதிவிடலாம். சொன்ன நடைமேடையைக் கடைசி நேரத்தில் மாற்றக்கூடாது. மாற்றியே ஆகவேண்டும் என்றால், கடைசிப் பயணி படியேறி வந்து சேரும்வரை ரயிலை நிறுத்தி வைக்கவேண்டும். ஏறுவோருக்கு ஒரு படிக்கட்டு, இறங்குவோருக்கு வேறு. பொதுப்பெட்டிக்குக் கயிறு கட்டி வரிசை. எழும்பூரில் வேலை நடந்துகொண்டிருக்கும் இந்த நாட்களிலேயே தொடங்கலாம்.