"இல்லை" என்று எந்திரம் சொன்னால்...

ஒரு முதிய அம்மாள் பென்ஷன் விஷயமாக அலுவலகத்துக்குப் போகிறார். அங்கே இருப்பவர் கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டுகிறார். "உங்கள் பெயர் இல்லையே, அம்மா!" என்கிறார். அம்மாள் பேசாமல் வீட்டுக்குத் திரும்பி விடுகிறார். எந்திரமே சொல்லி விட்டது; இனி யாரிடம் போய்க் கேட்பது என்பது அவர் எண்ணம்.

இப்படித் திரும்புகிறவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன்: திரும்ப வேண்டாம்! எந்திரம் "இல்லை" என்றால், ஆள் இல்லை என்று பொருள் அல்ல. தட்டிய எழுத்து இல்லை என்றுதான் பொருள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

இதைப் புரிந்து கொள்ள, இன்றைய பெரிய கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயன் இல்லை. அதன் உள்ளே நடப்பது நமக்குத் தெரியாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வீடுகளில் இருந்த சின்னக் கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும். அதில் எல்லாம் வெட்ட வெளிச்சம்.

ரப்பர் பொத்தான்

1982 ஏப்ரல் மாதம் இங்கிலாந்தில் "இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம்" என்ற கம்ப்யூட்டர் அறிமுகம் ஆயிற்று. செய்தவர் கிளைவ் சிங்க்ளேர். விலை 125 பவுன். ஞாபக சக்தி கூடுதலாக உள்ளது 175 பவுன். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்கு இது மிகவும் மலிவு. நடுத்தரக் குடும்பங்களும் வாங்கின.

அதற்குத் தனித் திரை கிடையாது. வீட்டு டெலிவிஷனில் இணைக்க வேண்டும். பொத்தான்கள் ரப்பர், மொத்தம் 40. பாட்டுக் கேட்கும் காஸெட் டேப்தான் அதற்குப் புத்தகம். டேப்பை ஓட விட்டால் கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு எந்திரம் பாடத்தை ஏற்றிக் கொள்ளும். பெரிய புரோகிராம் என்றால் நாலைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும்.

குழந்தைகள் அதில் விளையாடினார்கள். பெரியவர்களுக்கோ, பணம் போட்டு வாங்கிய பெட்டியில் வீட்டுக்கு உபயோகமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. அவர்களுக்காக வந்தவைதான் குறிப்பு தேடும் புரோகிராம்கள். சயான் என்ற கம்பெனி செய்த "வியூ பைல்" அவற்றில் ஒன்று.

கார்டுப் பெட்டி

அது செய்த வேலை எளிது. வீட்டில் ஒரு பெட்டி நிறைய கார்டுகள் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு கார்டிலும் ஒரு சமையல் குறிப்பு, அல்லது ஒரு நண்பரின் விலாசம். கார்டுகளைப் புரட்டித் தேடினால் நேரம் ஆகும். அந்தக் கார்டுகளை எந்திரத்தில் தட்டி வைத்து விட்டால், ஒரு சொல்லைச் சொன்னதும் அந்தச் சொல் உள்ள கார்டைத் திரையில் காட்டும். அவ்வளவுதான்!

பெரிய ஸ்பெக்ட்ரத்தின் ஞாபகப் பெட்டியில் சுமார் 49,000 எழுத்துக்கு இடம். திரைக்குக் கொஞ்சம் போகும். புரோகிராமுக்குக் கொஞ்சம் போகும். மீதி 30,000 என்று வைத்தால், கார்டுக்கு 100 எழுத்து வீதம் 300 கார்டு எழுதலாம். இன்று ஒரு கைபேசிப் படத்துக்கே இதைப் போலப் பல மடங்கு இடம் வேண்டும். ஆனாலும் ஒரு குடும்பத்தின் விலாசங்களுக்கு 300 கார்டு போதாதா?

எழுத்துக்கு எழுத்து

எந்திரம் எப்படித் தேடியது? முதல் கார்டை எடுக்கும். நீங்கள் தட்டிய முதல் எழுத்து அதில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், அடுத்த எழுத்தைப் பார்க்கும். எல்லா எழுத்தும் வரிசையாகப் பொருந்தினால் "இருக்கிறது" என்று காட்டும். ஓர் எழுத்து தவறினாலும் விட்டு விட்டு மேலே போய்விடும். அதற்குச் சொல் தெரியாது, பொருள் தெரியாது. எழுத்து மட்டுமே தெரியும்.

இதனால் வேடிக்கைகள் உண்டு. "ஹாம்" என்றால் இங்கிலீஷில் பன்றி இறைச்சி. அந்தச் சமையல் குறிப்பைத் தேடினால், பர்மிங்ஹாம் நகரத்து அத்தையின் விலாசமும் வந்து நிற்கும்! நாம் தமிழில் "கல்" என்று தேடினால் கல்வியும் வரும், திண்டுக்கல்லும் வரும்.

இது சிரித்து விட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. ஸ்மித் என்ற பெயரை அங்கே சிலர் "ஐ" போட்டு எழுதுவார்கள். சிலர் "வை" போட்டு எழுதுவார்கள். ஒன்றை எழுதி வைத்து மற்றொன்றைத் தேடினால் "இல்லை" என்று வரும். ஸ்மித் அடுத்த தெருவில்தான் இருப்பார்!

நம் வீட்டிலும் இதே கதைதான். லட்சுமி, லக்ஷ்மி, இலக்குமி மூன்றும் ஒரே பெயர் அல்லவா? கத்தரிக்காயும் கத்திரிக்காயும் ஒரே காய் அல்லவா? நமக்கு ஒன்று, எந்திரத்துக்கு வேறு வேறு.

ஆனால் அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நன்மை இருந்தது. எழுதி வைத்தவரும் அவரே, தேடியவரும் அவரே. ஒரு தடவை "இல்லை" என்று வந்தால், "நான் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ?" என்று யோசிப்பார். மாற்றித் தட்டிப் பார்ப்பார். கிடைத்து விடும். எந்திரத்தின் பேச்சை அவர் வேதவாக்காக எடுத்துக் கொள்ளவில்லை.

இன்று எழுதி வைப்பவர் ஒருவர், தேடுபவர் இன்னொருவர், கஷ்டப்படுபவர் மூன்றாமவர். அங்கேதான் வினை!

பழைய மருந்து

இதற்கு மருந்தே இல்லையா? கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே மருந்து கண்டு விட்டார்கள்! 1918-ல் ராபர்ட் ரஸ்ஸல் என்ற அமெரிக்கர் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். பெயரை எழுத்தைக் கொண்டு அடுக்காமல், ஒலியைக் கொண்டு அடுக்குவது அந்த முறை. அதிலிருந்து வளர்ந்ததுதான் "சவுண்டெக்ஸ்".

முதல் எழுத்தை அப்படியே வைத்துக் கொள்ள வேண்டும். அதன் பிறகு, ஒலி நெருங்கிய எழுத்துகளுக்கு ஒரே எண். "ஜி"க்கும் "கே"க்கும் 2. ஆகவே இங்கிலீஷில் முருகேசன் என்பதை "ஜி" போட்டு எழுதினாலும் "கே" போட்டு எழுதினாலும் "எம் 622" என்றே வரும். இரண்டு ஸ்மித்துகளும் "எஸ் 530"-ல் ஒன்றாகச் சேர்ந்து விடுவார்கள்.

1935-ல் அமெரிக்காவில் முதியோருக்குப் பென்ஷன் சட்டம் வந்தது. வயதுக்கு அத்தாட்சி கேட்டார்கள். பலரிடம் பிறந்த சான்று இல்லை. உடனே "போய் வாருங்கள்" என்று சொல்லி விட்டார்களா? இல்லை. 1880-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கை எடுத்தார்கள். பத்து வயதும் அதற்குக் குறைவும் உள்ள பிள்ளைகள் இருந்த குடும்பங்களுக்கு இந்த முறைப்படி கார்டு எழுதினார்கள். பெயரை யார் எப்படி எழுதியிருந்தாலும் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே நோக்கம். கையால் எழுதிய கார்டில் செய்ததை, இன்று கம்ப்யூட்டரில் செய்ய முடியாதா?

செய்ய வேண்டியது

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: ஒரு தடவை தட்டி விட்டு "இல்லை" என்று சொல்லாதீர்கள். எழுத்தை மாற்றித் தட்டுங்கள். தகப்பனார் பெயரைத் தட்டுங்கள். ஊரை, தெருவை, கதவு எண்ணைக் கொண்டு தேடுங்கள். இரண்டு நிமிஷம் உங்களுக்குப் பெரிதல்ல. ஒரு கிழவிக்கு அது ஒரு மாதச் சோறு.

பொது மக்களுக்கும் ஒரு வார்த்தை. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பட்டா, பாங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் உங்கள் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். வேறு வேறாக இருந்தால் ஒரு தாளில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். கேட்கும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள். குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதே எழுத்தையும் முடிவு செய்து விடுங்கள். பிறகு மாற்றாதீர்கள்.

எந்திரத்துக்கு எழுத்துத்தான் தெரியும். ஆளைத் தெரிந்து கொள்ள வேண்டியவர் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர். "இல்லை" என்று அவர் சொன்னால், "எந்த எழுத்தில் பார்த்தீர்கள், ஐயா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை!