விரல் நுனியில் வீரம்

வீடியோ விளையாட்டு என்ற பெயரைக் கேட்டதுமே முகம் சுளிக்கும் பெரியோர் பலர். "கண் கெடும், படிப்புக் கெடும், குணமும் கெடும்" என்று ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். எல்லாமே அருமை என்று சாதிக்கும் இளையோரும் இல்லாமல் இல்லை. இரு சாராருமே எல்லா விளையாட்டுகளையும் ஒரே கூடையில் போடுகின்றனர். அச்சில் வந்தது என்பதற்காக எல்லாப் புத்தகங்களையும் நாம் போற்றுவதில்லை. சினிமா என்பதற்காக எல்லாப் படங்களையும் ஒதுக்குவதும் இல்லை. ஆகவே ஓட்டம், தாவல், சண்டை என்று வேகத்தையே உயிராகக் கொண்ட சில விளையாட்டுகளைப் பற்றி, ஆடியவர்கள் என்ற முறையில் நம் மனத்தில் பட்டதை ஒளிவுமறைவின்றி இங்கே எழுதுகிறோம்.

ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்த்தோம். தோற்றால் அந்தத் தோல்வி நியாயமானதா? ஆடுகின்ற பெண்ணை அது மதிக்கிறதா? போதும் என்று எழுந்தால் நம்மை எழ விடுகிறதா?

முதலில் மூத்ததற்கு மரியாதை. 1978-இல் ஜப்பானில் தோமோஹிரோ நிஷிகாடோ என்பவர் உருவாக்கியது 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. 55 விண்வெளிப் பகைவர்கள் வரிசை வரிசையாக இறங்கி வருவர். கீழே நாம் தனியாக நின்று சுட வேண்டும். பகைவர் குறையக் குறைய மிஞ்சியவர்களின் வேகம் கூடும். இதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. அக்காலத்து இயந்திரத்தால் 55 உருவங்களையும் விரைவாக வரைந்து முடிக்க இயலவில்லை. உருவங்கள் குறைந்ததும் அதன் பாரம் குறைந்து வேகம் பிறந்தது. அதை நிஷிகாடோ குறையென்று எண்ணாமல் அப்படியே விட்டுவிட்டார். கடைசி ஒருவன் மின்னலாய்ப் பாயும்போது நம் நெஞ்சு படபடப்பது அதனால்தான். ஆயினும் இதற்கு வெற்றி என்ற முடிவே கிடையாது. ஓர் அணி அழிந்தால் மறு அணி வரும். தோற்கும் வரை ஆட வேண்டும் என்பது நமக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"இதெல்லாம் பையன்கள் சமாச்சாரம், பெண் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று கேட்போருக்கு 1980-இல் வந்த 'பாக்-மேன்' நல்ல பதில். சுடும் விளையாட்டுகளே மலிந்திருந்த கடைகளுக்குப் பெண்களும் வர வேண்டும் என்று எண்ணியே டோரு இவாட்டானி அதை அமைத்தார். துப்பாக்கியை விட்டு, சாப்பிடுவதை ஆட்டமாக்கினார். துரத்தும் நான்கு பேய்களுக்கும் குணம் வேறு வேறு. சிவப்புப் பேய் பின்னாலேயே வரும். இளஞ்சிவப்பு, நாம் போகப் போகும் இடத்துக்கு முந்திச் செல்லப் பார்க்கும். ஆரஞ்சு, நெருங்கிய பின் பின்வாங்கித் தன் மூலைக்குத் திரும்பும். இந்தக் குணங்களை அறியாதவள் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்வாள். கவனித்து அறிந்தவள் வழியைத் திட்டமிடுவாள். தோல்வியில் நியாயம் என்றால் இதுவே. நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் இதற்கு நாம் முதல் வகுப்பில் மதிப்பெண் தருவோம்.

1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஒரு நல்லாசிரியை எனலாம். ஒரு வரி விளக்கமும் இல்லை. முதல் பகைவன் மெல்ல நடந்து வருவான். தாவாவிட்டால் உயிர் போகும். தாவினால் அவன் நசுங்குவான். ஒரே நிமிடத்தில் பாடம் மனத்தில் பதிந்துவிடும். ஆனால் கதைதான் நமக்குச் சம்மதமில்லை. எட்டு உலகங்கள், 32 கட்டங்கள். அத்தனையிலும் இளவரசியின் வேலை காத்திருப்பது மட்டுமே! ஏழு கோட்டைகளைக் கடந்த பிறகும் அவள் வேறு கோட்டையில் இருப்பதாகவே செய்தி வரும். 1988-இல் அமெரிக்காவில் வெளியான இரண்டாம் பாகத்தில் அவளையே எடுத்து ஆடலாம். தாவியபின் சற்று நேரம் காற்றில் மிதக்கும் ஆற்றல் அவளுக்கு மட்டுமே உண்டு. வாய்ப்புக் கொடுத்தால் இளவரசியும் தாவுவாள் என்பது விளங்குகிறதல்லவா?

நம் அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் மறக்க முடியாத பெயர் 'கான்ட்ரா'. 1987-இல் வந்த இவ்விளையாட்டு, 1990-களில் நம் ஊர் வீடுகளில் டி.வி.யோடு இணைத்து ஆடிய பெட்டிகளின் கேசட்டுகளில் தவறாமல் இருந்தது. ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போகும். இருப்பதோ மூன்றே உயிர். பொத்தான்களைக் குறித்த வரிசையில் அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும் இரகசியம் தெருவெங்கும் பரவியிருந்தது. அந்த இரகசிய வரிசையின் பிறப்புக் கதை நமக்குப் பிடிக்கும். 1986-இல் 'கிரேடியஸ்' என்ற விளையாட்டைச் சோதித்தபோது அது மிகக் கடினமாக இருக்கவே, கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர் தம் வசதிக்காகச் சேர்த்த உதவி அது. செய்தவருக்கே கை கொடுக்க ஆள் தேவைப்பட்டிருக்கிறது! 'கான்ட்ரா'வின் சிறப்பு, இருவர் சேர்ந்து ஆடுவதே. அருவிக் கட்டத்தில் ஒருத்தி அவசரப்பட்டு மேலே ஏறினால், கீழே நிற்பவள் திரைக்கு வெளியே போய் உயிரிழப்பாள். தோழியை விட்டுவிட்டு ஓடுபவள் யார் என்பதை ஐந்தே நிமிடத்தில் காட்டிவிடும் விளையாட்டு இது.

இனி நாம் வெறுப்பதைச் சொல்வோம். 1992-இல் வந்த 'மார்ட்டல் காம்பாட்' மெய்யான நடிகர்களைப் படம்பிடித்துத் திரையில் சண்டையிட விட்டது. தோற்றுத் தள்ளாடி நிற்பவரைக் கோரமாகக் கொல்வதையே வெற்றியின் அலங்காரமாக்கியது. பகைவன் தோற்ற பின்னும் அடிப்பது வீரமாகுமா? அமெரிக்க செனட் சபை 1993-இல் இத்தகைய விளையாட்டுகளைப் பற்றி விசாரணை நடத்தியது. அதன் பயனாக 1994-இல் வயது வரம்பைக் குறிக்கும் முறை அங்கே பிறந்தது. அந்த முறையில் 'எம்' என்ற எழுத்து இருந்தால் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று பொருள். பெற்றோர் இக்குறியை அறிந்திருப்பது நலம். "கூடாது" என்று பொதுவாகச் சொல்வதைக் காட்டிலும், "இது உன் வயதுக்கு ஏற்றதன்று, பார், இங்கே எழுதியிருக்கிறது" என்பதை நாம் எளிதில் ஏற்றுக்கொள்வோம்.

பெண்ணை மதிக்கிறதா என்ற கேள்விக்கு வருவோம். 1986-இல் வந்த 'மெட்ராய்டு' விளையாட்டில், கவசம் பூண்டு போரிடும் வீரர் ஒரு பெண் என்பது இறுதியில்தான் தெரியவரும். எவ்வளவு அருமையான எண்ணம்! ஆனால் ஆட்டத்தை விரைவாக முடிக்க முடிக்க, அவளுடைய உடையைக் குறைத்துக் காட்டுவதையே பரிசாக வைத்துவிட்டார்கள். உலகைக் காத்தவளுக்கு இதுவா மரியாதை? 1996-இல் இங்கிலாந்தில் பிறந்த 'டூம் ரைடர்' நாயகி லாரா கிராஃப்ட் கதையும் ஏறத்தாழ இதுவே. துணிவும் கல்வியும் உள்ளவள். பாழடைந்த கோயில்களில் தன்னந்தனியே புதிர்களை அவிழ்ப்பவள். விளம்பரங்களோ அவளுடைய அறிவை விட்டு உடலையே காட்டின. 2013-இல் அவளை மீண்டும் படைத்தபோது, ரியானா பிராட்செட் என்ற பெண்மணி தலைமை எழுத்தாளராக இருந்தார். அதில் லாராவுக்கு அச்சம் உண்டு, காயம் உண்டு, அவற்றைக் கடக்கும் உறுதியும் உண்டு. எழுதும் இடத்தில் பெண் இருந்தால் திரையிலும் பெண் மனுஷியாகிறாள். கணினி பயிலும் நம் தோழியர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இன்று வீட்டுக்கு வீடு சண்டை மூட்டுவது 'பப்ஜி' வகை விளையாட்டுகள். 2017-இல் வந்த அந்த மூல விளையாட்டில், 100 பேர் பாராசூட்டில் ஒரு தீவில் இறங்குவர்; சுற்றியுள்ள வட்டம் சுருங்கிக்கொண்டே வரும்; கடைசியில் எஞ்சுபவருக்கே வெற்றி. ஒளிந்தே காலம் கழிக்க முடியாதபடி செய்யும் அந்த வட்டம் நல்ல யோசனை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2020 செப்டம்பரில் நம் அரசு அதன் கைபேசி வடிவத்தைத் தடை செய்தது. 2021-இல் இந்தியாவுக்கென்றே ஒரு வடிவம் வேறு பெயரில் வந்தது. தடைக்குச் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் மக்களின் தகவல் பாதுகாப்புமே. நேரத்தை விழுங்கும் பழக்கத்தை எந்த அரசாணையும் நமக்காகத் தீர்த்து வைக்கவில்லை.

இங்கே பெற்றோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. இவ்வகை ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. முழு ஆட்டம் சுமார் அரை மணி நேரம் போகும். நால்வர் அணியில் ஒருத்தி எழுந்தால் மற்ற மூவரும் திண்டாடுவர். "சாப்பிட வாடி" என்று அம்மா அழைக்கும்போது வரும் "இதோம்மா" வெறும் பிடிவாதம் அன்று. ஆனால் அந்த ஆட்டம் முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கினோமே, அது பிடிவாதம்தான். "இந்த ஓர் ஆட்டம் முடியட்டும்" என்று அம்மா பொறுப்பதும், முடிந்த உடனே மகள் எழுவதும் நல்ல உடன்படிக்கை அல்லவா?

இணையத்தில் பலர் கூடி ஆடும் விளையாட்டுகளில் இன்னொரு வேதனையும் உண்டு. பேசினால் பெண் என்று தெரிந்துவிடுமே என்று ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, ஊமையாகவே ஆடும் பெண்கள் பலர். கேலியும் கீழ்த்தரமான பேச்சும் அவ்வளவு சாதாரணமாகிவிட்டன. அப்படிப் பேசுபவரைத் தடுத்து நிறுத்தவும் புகார் செய்யவும் பெரும்பாலான விளையாட்டுகளில் வழி உண்டு, தயங்காமல் பயன்படுத்துங்கள். வீட்டிலும் சொல்லுங்கள். சொன்ன பெண்ணிடமிருந்தே கைபேசியைப் பிடுங்கிக்கொண்டால், அடுத்த முறை அவள் சொல்லமாட்டாள் என்பதைப் பெற்றோரும் நினைவில் கொள்ளட்டும்.

நமக்கு மிகவும் பிடித்ததைக் கடைசியில் சொல்கிறோம். 2018-இல் வெளியான 'செலஸ்டி'. மேடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். கையில் ஆயுதம் இல்லை. தாவுதல், பாய்தல், பற்றி ஏறுதல், அவ்வளவுதான். மலையைவிடப் பெரிய தடை அவள் மனத்திலுள்ள கலக்கமே. நூறு முறை விழுவோம். விழுந்த மறுகணமே அதே இடத்தில் மீண்டும் நிற்போம். எத்தனை முறை விழுந்தோம் என்று எண்ணிக் காட்டும்; அதை அவமானமாக்காது. முடியாதவர்களுக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் உதவியும் அதிலேயே உண்டு. மூன்று கேள்விகளுக்கும் இது தேர்ச்சி பெறுகிறது.

ஆகவே பெரியோரே, தடை சொல்லும் முன் ஒருமுறை எங்கள் அருகில் அமர்ந்து பாருங்கள். என்ன ஆடுகிறோம், யாரோடு ஆடுகிறோம் என்று கேளுங்கள். தோழியரே, ஆடும் முன் அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். மூன்றாவதற்கு "இல்லை" என்று விடை வந்தால், திரையை அணைப்பதே அன்றைய நாளின் பெரிய வெற்றி. அந்த வீரமும் நம் விரல் நுனியில்தான் இருக்கிறது.