ட்யூ எவ்ளோ மச்சி?

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை. எங்க மூணு பேருக்கும் ஒரே ஒரு அஜெண்டாதான். "இந்த வாரம் எங்கடா போறோம்?"

பதிலும் ஒண்ணுதான். பாண்டிச்சேரி. ஃபைனல் இயர்ல போட்ட பிளான் இது. காலேஜ் முடிச்சு மூணு வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் நாங்க போன அதிகபட்ச தூரம் வண்டலூர் ஜூ. (அதுவும் சிவிலோட அக்கா பசங்களைக் கூட்டிட்டுப் போகச் சொன்னதால.)

எங்க கேங்கை உங்களுக்குப் புதுசா சொல்லணும்னா, பேரெல்லாம் வேணாம், டிபார்ட்மெண்ட்தான் பேர். சிவில், அபார்ட்மெண்ட் சைட்ல சூப்பர்வைசர். ஞாயித்துக்கிழமைதான் பாத்து அவனுக்கு கான்கிரீட் போடுவாங்க. நான் ஈ.சி.ஈ. படிச்சுட்டு, அதுக்கு சம்பந்தமே இல்லாம அமெரிக்காக்காரங்க ஆஸ்பத்திரி பில்லை நைட் ஷிஃப்ட்ல சரி பாக்குறேன். மூணாவது ஆள் மெக். ஒரகடத்துல கார் பார்ட்ஸ் செய்யுற கம்பெனி. படிச்ச படிப்புக்கு வேலை பாக்குற ஒரே ஜீவன்கிறதால எங்ககிட்ட அவனுக்குத் தனி மரியாதை. அதாவது டீ காசு அவன்தான் கொடுப்பான்.

அன்னிக்கு மெக் டீயைக் கீழே வெச்சுட்டு சொன்னான்: "மச்சி, கார் வாங்கப் போறேன்."

சிவிலுக்கு புரை ஏறிடுச்சு.

"எதுக்குடா? உனக்குத்தான் காலையில ஆறு பத்துக்கு கம்பெனி பஸ் வருதே?"

"ஜி.எஸ்.டி. குறைச்சிட்டாங்கல்ல..."

அது உண்மைதான். 2025 செப்டம்பர் 22-ல இருந்து சின்ன காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதுக்கு முன்னாடி 28, அதுக்கு மேல செஸ் தனி. ஆனா ஜி.எஸ்.டி. குறைஞ்சதுன்னு யாராவது கார் வாங்குவாங்களா? துணிக்கடையில ஆடித் தள்ளுபடின்னு மூணு பேண்ட் எடுக்கலாம், கார் எடுக்க முடியுமா? ஏதோ விஷயம் இருக்குன்னு தோணுச்சு. கேக்கல. கேட்டா சொல்ற ஆள் இல்ல அவன்.

மறுநாள் ஷோரூம். உள்ளே போனதும் ஏ.சி., ஜூஸ், "வாங்க சார்". என்னை 'சார்'னு ஒருத்தர் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு. போர்டுல இருக்கிறது எக்ஸ் ஷோரூம் விலை. அதைப் பாத்து மனசுல ஒரு கணக்கு போட்டுட்டு உட்கார்ந்தா, லைஃப் டாக்ஸ், இன்சூரன்ஸ் (புதுக் காருக்கு மூணு வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை மொத்தமா கட்டியே ஆகணும்), ரிஜிஸ்ட்ரேஷன்னு ஒவ்வொண்ணா ஏறி, ஆன் ரோடு விலைன்னு இன்னொரு நம்பர் வந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நல்ல பைக் வாங்கலாம்.

அந்த சேல்ஸ் பையன் கெட்டிக்காரன். மொத்த விலையை ஒரு தடவைதான் சொன்னான். அப்புறம் எல்லாம் மாசக் கணக்குதான். "ஆறு லட்சம் லோன் சார், ஏழு வருஷம். ட்யூ மாசம் வெறும் 9,806 ரூபா!"

'வெறும்'ங்கிற வார்த்தை மேல எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம். ராத்திரி முழுக்க அடுத்தவன் பில்லைப் பாத்துப் பாத்து வந்த வியாதி. மொபைலை எடுத்துத் தட்டினேன். ஒன்பதரை சதவீத வட்டிக்கு அதே ஆறு லட்சத்தை அஞ்சு வருஷத்துல கட்டினா மாசம் 12,601. மொத்த வட்டி 1 லட்சத்து 56 ஆயிரம். ஏழு வருஷம்னா வட்டி 2 லட்சத்து 23 ஆயிரம் தாண்டுது. மாசம் 2,800 கம்மியா கட்டுறதுக்கு மொத்தத்துல 67 ஆயிரம் கூடக் கொடுக்கிறோம். அதுவும் ஏழாவது வருஷ ட்யூவைக் கட்டுறப்போ அந்தக் காரை வித்தா பாதி விலையாவது வருமா?

மெக்குக்கு கைக்கு வர்ற சம்பளம் 23,000. வீட்டுக்கு 8,000 கொடுக்கிறான். ட்யூ போக மீதி அஞ்சாயிரத்து சொச்சம். அதுல பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாயைச் சுத்திக்கிட்டு இருக்கிற காலத்துல, அந்தக் காரை வாரம் ஒரு தடவை துடைக்கத்தான் முடியும்.

இதையெல்லாம் சொன்னேன். காதுல வாங்கிக்கிட்ட மாதிரியே தெரியல. கடைசியில சேல்ஸ் பையன்தான் அவனை நிறுத்தினான். "சார், அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர் பாத்தேன். பேங்க்ல ஒரு கோ-அப்ளிகன்ட் கேப்பாங்க. அப்பா சைன் பண்ணுவாரா?"

மெக் முகம் போன போக்கு சரியில்ல.

மெக்கோட அப்பா டிரைவர். 27 வருஷம். முதல்ல ஒரு கம்பெனி ஸ்டாஃப் வண்டி, அப்புறம் டிராவல்ஸ், இப்ப முட்டி வலிக்கிறதால ஆக்டிங் டிரைவர். அம்பாசடர்ல கிளட்ச் மிதிக்கக் கத்துக்கிட்டு, இப்ப கிளட்ச்சே இல்லாத வண்டி வரைக்கும் ஓட்டிட்டாரு. சொந்தமா இருக்கிறது ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். குலதெய்வம் கோயிலுக்கு வருஷா வருஷம் குடும்பத்தோட செஞ்சி பக்கம் போவாங்க. பஸ்லதான்.

திரும்பி வர்றப்போ மெக் ஒரு விஷயம் சொன்னான். அவன் மூணாவது படிக்கிறப்போ, விடியக்காலையில ஏர்போர்ட் டூட்டின்னு முதலாளி காரை அவங்க அப்பா ராத்திரி வீட்டு வாசல்ல நிறுத்தியிருக்காரு. இவன் தெருப் பசங்களைக் கூட்டிட்டு வந்து பின்சீட்ல ஏறி உட்கார்ந்துட்டான், மண் காலோட. அப்பா இறக்கி விட்டு ஓங்கி ஒரு அறை. "வாழ்க்கையில அவர் என்னை அடிச்சது அது ஒண்ணுதான்டா. அடிச்சுட்டு, அவரே துணியை நனைச்சு சீட்டைத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு."

ஜி.எஸ்.டி. மேட்டர் எனக்கு அப்பதான் புரிஞ்சது.

ஆனா அப்பா கையெழுத்து போடல. முடியவே முடியாதுன்னுட்டாரு. பல வருஷம் முன்னாடி கூட வேலை பாத்த டிரைவர் ஒருத்தர் ஃபைனான்ஸ்ல டூரிஸ்ட் வண்டி எடுத்தப்போ இவர் ஜாமீன் போட்டிருக்காரு. அவர் நாலு ட்யூ கட்டல. வண்டியைத் தூக்கிட்டுப் போய் ஏலம் விட்டாங்க. ஏலத்துல கடன் பாக்கி முழுசா அடையல. மீதிக்கு நோட்டீஸ் இவருக்கு வந்துச்சு. அம்மாவோட செயின் அதுலதான் போச்சு. "வண்டி வேணும்னா செகண்ட் ஹேண்ட் பாரு. கையில இருக்கிற காசுக்குப் பாரு. நான் கூட வர்றேன்"னு சொல்லியிருக்காரு.

அடுத்த சனிக்கிழமை அதனால வேளச்சேரி. ஒரு புரோக்கர் காட்டின வண்டி. 2017 மாடல், ஓடினது 38,000 கிலோமீட்டர், விலை ரெண்டு நாப்பது. தூரத்துல இருந்து பாக்கும்போதே பளபளன்னு இருந்துச்சு. நானும் சிவிலும் டயரை உதைச்சுப் பாத்தோம். (எதுக்கு உதைக்கிறோம்னு எங்களுக்குத் தெரியாது. எல்லாரும் உதைக்கிறாங்க.)

அப்பா வந்தவுடனே புறங்கையை பானெட் மேல வெச்சாரு. "சூடா இருக்கே. காலையிலேயே ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?"

"இல்ல சார், இப்பதான் கொஞ்சம் ஓட்டிப் பாத்தோம்..."

எங்களைத் தனியா கூப்பிட்டு சொன்னாரு. "வண்டி பாக்கப் போனா எஞ்சின் ஆறியிருக்கணும் தம்பி. கோல்டுல எப்படி ஸ்டார்ட் ஆகுது, எவ்ளோ புகை வருதுன்னு அப்பதான் தெரியும். சூடாக்கி வெச்சிருந்தாலே எதையோ மறைக்கிறாங்க."

அதுக்கப்புறம் நடந்தது எனக்கு நாலு வருஷ இன்ஜினீயரிங்ல கிடைக்காத கிளாஸ். குனிஞ்சு கிளட்ச் பெடலைக் காட்டினாரு. ரப்பர் தேய்ஞ்சு இரும்பு தெரியுது. "38,000-ல இப்படித் தேயுமா? மீட்டர் சொல்றதை நம்பாதே, பெடல் சொல்றதைக் கேளு." டயர்ல பொடி எழுத்துல நாலு நம்பர் இருக்கும், பாத்திருக்கீங்களா? 2319-ன்னு இருந்தா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்ச டயர். நாலு டயருக்கும் நாலு ஜாதகம் வந்துச்சு.

கதவைத் திறந்தா குப்புனு சென்ட் வாசனை. அப்பா மூக்கைச் சுளிச்சாரு. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடிச்சு இழுத்தாரு. நாம போட்டுக்கிற அளவுக்கு இல்ல, கடைசி வரைக்கும். உள்ளே சுருண்டிருந்த பகுதி வெளியே வந்தப்போ பழுப்பு நிறத்துல ஒரு கறை. அந்தக் கறைக்கு மேல பெல்ட் கறுப்பா இருக்கு, கீழே மங்கலா. அப்புறம் டிக்கியில ஸ்டெப்னியைத் தூக்கினாரு. அடியில காய்ஞ்ச சேறு, விரல்ல எடுத்தா மாவு மாதிரி.

"தண்ணியில நின்ன வண்டி."

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணையெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அதுல எத்தனை கார் நின்னுதோ. சீட் கவர் மாத்தலாம், மேட் மாத்தலாம். வயரிங்க்குள்ள போன தண்ணி மட்டும் மெதுவா வேலை காட்டிக்கிட்டே இருக்கும். இன்னிக்கு ஹாரன், நாளைக்கு லைட், ஒரு நாள் நடு ரோட்டுல செல்ஃப் எடுக்காது. "மழைத் தண்ணியில நின்னுடுச்சுன்னா மட்டும் செல்ஃப் அடிக்கவே கூடாது தம்பி. சிலிண்டர்ல தண்ணி இருந்தா அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும்." இன்சூரன்ஸ் இருந்தாலும், தண்ணியில ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் போச்சுன்னா, எஞ்சின் புரொடெக்‌ஷன்னு தனியா எடுக்காதவங்களுக்குப் பெரும்பாலும் கிளெய்ம் கிடைக்காது. இது என் சைடு தகவல்.

புரோக்கர் விடல. "ஃபைனான்ஸ் கூட பண்ணித் தர்றேன் சார், 8 சதவீதம்தான், ஃபிளாட் ரேட்." நல்லா கவனிங்க. ஃபிளாட் ரேட்னா, நீங்க அசலைக் கட்டக் கட்ட வட்டி குறையாது, கடைசி மாசம் வரைக்கும் முழு அசலுக்கும் வட்டி. அஞ்சு வருஷத்துக்கு 8 சதவீதம் ஃபிளாட்னா, பேங்க் கணக்குல அது 14 சதவீதத்துக்குப் பக்கம் வரும். அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனா ஃபைனான்ஸ்ங்கிற வார்த்தைக்கே வண்டியை விட்டு இறங்கிட்டாரு.

ரோட்டோர டீக்கடை. நாலு பேரும் பெஞ்சுல. மெக் கடுப்புல இருந்தான். "இதுக்குத்தான்ப்பா புது வண்டி எடுக்கலாம்னு சொன்னேன். இந்த தொல்லையே இல்ல. ஏழு வருஷம் ட்யூ, நான் கட்டிக்கிறேன்."

அப்பா டீயை ஆத்திக்கிட்டே கேட்டாரு. "ஏழு வருஷம் ட்யூ கட்டணும். உன் ஆர்டர்ல எத்தனை வருஷம் போட்டிருக்கு?"

மெக் பேசல. எங்களுக்கும் ஒண்ணும் புரியல. போன தீபாவளிக்கே அவன் பெர்மனென்ட் ஆயிட்டான்னுதான் எங்களுக்குத் தெரியும். அவங்க அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தாங்க, நானே ரெண்டு சாப்பிட்டேன்.

"ஸ்டாஃப் வண்டி பத்து வருஷம் ஓட்டியிருக்கேன்டா. உன் கம்பெனி பஸ் ஓட்டுறவனும் என் ஆள்தான். பெர்மனென்ட்டுக்கு ஐ.டி. கார்டு கயிறு நீலம். உன் கயிறு இன்னும் பச்சைதானே?"

மார்ச் வரைக்கும்தான் கான்ட்ராக்ட். அதுக்கப்புறம் நீட்டிப்பாங்களா, தெரியாது. லைன்ல அவன் கூட சேர்ந்த பதினாலு பேர்ல நாலு பேருக்குத்தான் நீலக் கயிறு கிடைச்சிருக்கு. இதை ஒரு வருஷமா எங்ககிட்ட கூட சொல்லாம, வாரா வாரம் டீ காசு கொடுத்துக்கிட்டு இருந்திருக்கான்.

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"லட்டு கொடுத்துட்டா. அப்புறம் எப்படிச் சொல்றது?" அப்பா கிளாஸைக் கீழே வெச்சாரு. "வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். ட்யூ இருந்தா தேடுறதுக்கு நேரம் தர மாட்டான். அவ்வளவுதான் என் பயம். கையில எவ்ளோ வெச்சிருக்கே?"

"தொண்ணூறு."

"தை மாசம் எனக்கு ஒரு லட்ச ரூபா சீட்டு வருது. முட்டி ஆபரேஷனுக்குன்னு சொல்லி உங்கம்மா என்னைப் போடச் சொன்னது. டாக்டர் இப்ப வேணாம்னுட்டாரு. ஒண்ணே முக்கால்ல வண்டி எடுத்துட்டு, பதினஞ்சாயிரம் பேட்டரி, ஆயில் சர்வீஸுக்கு வெச்சுக்கலாம். ஆர்.சி.யில பேங்க் பேர் இருக்கக் கூடாது. ட்யூ முடிஞ்சுதுன்னு வாயில சொன்னா போதாது, என்.ஓ.சி. வாங்கி பேரை எடுத்துட்டுத்தான் நமக்கு மாத்தணும்."

மெக் தலையை ஆட்டினான். அன்னிக்கு டீ காசு சிவில் கொடுத்தான். நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கல.

பாண்டிச்சேரி? இந்த வாரம் கண்டிப்பா போறதா முடிவு பண்ணியிருந்தோம். சைட்ல கான்கிரீட் இல்ல, மெக்குக்கு ஷிஃப்ட் இல்ல. கிளாம்பாக்கத்துல ஏழு மணிக்கு பஸ் ஏறணும். நான் நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து, ஷூவைக் கூடக் கழட்டாம கட்டில்ல சாய்ஞ்சேன். போன் அடிச்சுது. மணி அஞ்சே முக்கால். மெக்கோட அப்பா.

"தம்பி, தூங்கிட்டீங்களா? திருவள்ளூர்ல ஒரு வண்டி இருக்காம். சிங்கிள் ஓனர், ரிட்டயர்டு வாத்தியார். போன் பண்ணி ஸ்டார்ட் பண்ண வேணாம்னு சொல்லிட்டேன். அவர் மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்குள்ள நாம போயிடணும். கிளம்பி வாங்க."