என்ஜினுக்கு நம்பர் உண்டு, கூலிக்குப் பெயர் இல்லையா?



விஜயநகரிலிருந்து கே.ஆர்.எஸ். ரோடு வழியாக ஸ்டேஷனுக்குப் போகும் நம்மவர்கள், 1979-இல் திறக்கப்பட்ட ரயில் மியூசியத்தை அறிவார்கள். பிள்ளைகள் அங்கே நீராவி என்ஜின்களைப் பார்த்து மகிழ்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த ஜாதி என்ஜின்கள் ஏகாதிபத்தியங்களின் யுத்தங்களையும் இழுத்தன என்பதை நாம்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதல் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரன் மெசப்பொட்டேமியாவைப் பிடிக்கப் போனபோது, இந்தியாவின் மீட்டர் கேஜ் என்ஜின்களைக் கப்பலேற்றி பாஸ்ராவில் இறக்கினான். இரண்டாம் யுத்தத்தில் ஜப்பான்காரனும் அதையே செய்தான். சி56 என்ற வகையில் 90 என்ஜின்களை மீட்டர் கேஜுக்கு மாற்றி சயாமுக்கும் பர்மாவுக்கும் அனுப்பினான். பர்மாவிலிருந்த அவன் படைக்குக் கடல் வழியே சரக்கு அனுப்புவது ஆபத்தாகிவிட்டது. ஆகவே 415 கிலோமீட்டர் காட்டுப் பாதையை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தான்.

பாதை போட்டது யார்? யுத்தக் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியக் கூலிகள். அந்தக் கூலிகளில் மலாயா ரப்பர் தோட்டங்களின் தமிழர்கள் ஏராளம். கூலி தருவதாக ஆசை காட்டிச் சிலரையும், லாரியில் வளைத்துப் பிடித்துப் பலரையும் கொண்டுபோனார்கள். காலராவும் பட்டினியும் அடியும் அவர்களைத் தின்றன.

மாண்ட கைதிகள் சுமார் 12,000 பேர். காஞ்சனபுரி இடுகாட்டில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் உண்டு. மாண்ட ஆசியக் கூலிகளோ 90,000 என்கிறது ஒரு கணக்கு. இன்னும் அதிகம் என்கிறது வேறொன்று. எண்ணியவன் எவனும் இல்லை என்பதே இதன் பொருள்! ஆனால் பாதைத் திறப்பு நாளில் ஓடிய சி56 31-ஆம் நம்பர் என்ஜின் 1979-இல் ஜப்பான் திரும்பி, டோக்கியோ யாசுகுனி கோயில் மியூசியத்தில் பளபளவென்று நிற்கிறது.

ரயில்வே ஆபீஸில் பேனா பிடிக்கும் நமக்கு இதன் சூட்சுமம் தெரியும். என்ஜினுக்குப் பதிவேடு உண்டு. பாய்லர் சோதித்த தேதிகூட அதில் இருக்கும். காண்டிராக்ட் கூலிக்கு மேஸ்திரியின் துண்டுச் சீட்டுதான்.

"எண்பது வருஷத்துப் பழங்கதை நமக்கெதற்கு?" என்று சிலர் கேட்கலாம். 2020 ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளர் மாண்டனர் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அந்தக் கணக்கு எங்களிடம் இல்லை என்று மத்திய அரசு பதில் சொன்னது. கணக்கில்லை என்றால் நஷ்ட ஈடும் இல்லை. வேற்று மாநிலத் தொழிலாளிக்குப் போட்டோ ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும் என்று 1979-இலேயே சட்டம் வந்தது. நம் தெருவில் எத்தனை பேர் அதைக் கண்ணால் கண்டோம்?

ஆகவே நம் சங்கம் தானே ஒரு பதிவேடு திறக்க வேண்டும். பெயர், சொந்த ஊர், வேலை செய்யும் இடம், காண்டிராக்டர் பெயர், வீட்டாரின் விலாசம் – இந்த ஐந்தும் போதும். தாய்மார்களே, வேலைக்குப் புதிதாக வந்து இறங்கும் பையனுக்குச் சோறு போட்ட கையோடு அவன் பெயரையும் எழுத வையுங்கள். அதைக் காட்டித்தான் நாளை நாம் காண்டிராக்டரிடம் நியாயம் கேட்க முடியும்.