திட்டுற செஃப்பை ஏன் விடாமல் பார்க்கிறோம்?

ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு மொபைலை எடுத்தால், ரீல்ஸில் முதலில் வந்து நிற்பது கார்டன் ராம்சேதான். கோழித்துண்டை விரலால் அழுத்திப் பார்க்கிறார். உள்ளே வேகவில்லை. முகம் சிவக்கிறது. அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு 'பீப்' சத்தம்தான். எதிரில் நிற்கிறவர் தலையைக் குனிந்துகொண்டு 'யெஸ் செஃப்' என்கிறார். நாம சிரித்துவிட்டு அடுத்த வீடியோவுக்குத் தள்ளினால், அதிலும் அவர்தான்!

நம்ம ஆபீஸில் மேனேஜர் இதில் பத்தில் ஒரு பங்கு பேசினாலே ரெண்டு நாள் தூக்கம் வராது. அப்புறம் இதை மட்டும் எப்படி ரசிக்கிறோம்?

முதல் காரணம், மனுஷனுக்கு வேலை தெரியும். ஸ்காட்லாந்தில் பிறந்து, ஃபுட்பால் வீரராகும் ஆசை முழங்கால் காயத்தோடு முடிந்துபோக, சமையலுக்கு வந்தவர். 1998-ல் லண்டனில் அவர் தன் பெயரில் ஆரம்பித்த ரெஸ்டாரன்ட் 2001-ல் மூன்று மிஷெலின் ஸ்டார் வாங்கியது. அவருடைய கோபம் வீட்டு ஹாலுக்குள் வந்தது 1999-ல், 'பாய்லிங் பாயின்ட்' என்ற டி.வி ஆவணப்படம் மூலமாக. 2004-ல் பிரிட்டனில் 'ஹெல்ஸ் கிச்சன்', அடுத்த வருடமே அமெரிக்காவில். அதன்பிறகு கோபமே அவருக்கு பிராண்ட் ஆகிவிட்டது.

இரண்டாவது காரணம், நமக்காக யாரோ சண்டை போடுகிற திருப்தி. 'கிச்சன் நைட்மேர்ஸ்' பார்த்தவர்களுக்குத் தெரியும். ஃப்ரிட்ஜைத் திறந்தால் பூசணம் பிடித்த இறைச்சி, பக்கத்திலேயே 'எங்க சாப்பாடு சூப்பர்' என்று வாதாடும் ஓனர். காசு கொடுத்து சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்ட எல்லோர் சார்பாகவும் ராம்சே கத்துகிறார். இதில் எனக்கும் புகார் இல்லை.

ஆனால், 'ஹெல்ஸ் கிச்சன்' வேற கணக்கு. அங்கே திட்டு வாங்குகிறவர்கள் ஓனர்கள் இல்லை, ஒரு ஹெட் செஃப் வேலைக்காகப் போட்டி போடுகிறவர்கள். சம்பளத்துக்கு வேலை பார்க்கிற நாம, அங்கே முதலாளி பக்கம் உட்கார்ந்து கைதட்டுகிறோம். 'நானா இருந்தா இப்படி சொதப்பியிருக்க மாட்டேன்' என்று சோபாவில் சாய்ந்துகொண்டு நினைக்கிறது எவ்வளவு சுகம்!

ராத்திரி எட்டு மணி கிச்சன் அமைதியாக இருக்காது என்பது உண்மைதான். ஒரு டேபிளுக்கு நாலு டிஷ் என்றால் நாலும் ஒரே நேரத்தில் போக வேண்டும். மீன் மூணு நிமிஷம் லேட்டானால் மற்ற மூன்றும் ஆறிப்போகும். அடுப்பு, எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சலில் சத்தமாகச் சொன்னால்தான் காதில் விழும். சத்தமாகப் பேசுவது வேலையின் தேவை. ஒருத்தரைக் கேவலப்படுத்துவது எந்த டிஷ்ஷுக்குத் தேவை?

அதே ராம்சேவை 2013-ல் ஆரம்பித்த அமெரிக்க 'மாஸ்டர்செஃப் ஜூனியர்'-ல் பாருங்கள். குழந்தை அழுதால் குனிந்து, தட்டிக்கொடுத்து, எங்கே தப்பு என்று பொறுமையாகச் சொல்லித் தருகிறார். 'கிச்சன் நைட்மேர்ஸ்'-ன் பிரிட்டிஷ் வடிவத்திலும் ஆள் நிதானம்தான். அமெரிக்க வடிவத்தில்தான் திகில் பட மியூசிக்கும் கத்தலும் கூடிப்போனது. ஆக, கோபம் அவர் கையை மீறி வருவதில்லை. யாரிடம் காட்டலாம், எந்த சேனலில் காட்டலாம் என்று தெரிந்துதான் வருகிறது. அவ்வளவு ஏன், மீம்களில் சுற்றும் 'இடியட் சாண்ட்விச்' காட்சிகூட நிஜ கிச்சனில் நடந்ததில்லை. 2015-ல் ஜேம்ஸ் கார்டனின் காமெடி ஷோவுக்காக நடித்தது.

டி.வி-யில் நடிப்பு கலந்திருக்கலாம், கிச்சனில் அது பரம்பரைச் சொத்து. இளம் வயதில் மார்கோ பியர் ஒயிட்டிடம் வேலை பார்த்தபோது ராம்சே அழுத கதை பிரபலம். திட்டு வாங்கி வளர்ந்தவர், திட்டித்தான் வளர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார். நம்ம ஊர் மாமியார் கதை மாதிரியேதான். டென்மார்க்கின் நோமா ரெஸ்டாரன்ட் செஃப் ரெனே ரெட்செபி, தானும் அப்படிக் கத்தி, ஊழியர்களைத் தள்ளியிருப்பதாக 2015-ல் கட்டுரையே எழுதினார். இத்தனைக்கும் கிச்சனை ராணுவம் மாதிரி அடுக்கடுக்காகப் பிரித்த பிரெஞ்சு செஃப் எஸ்காஃபியே, கெட்ட வார்த்தைக்கும் கூச்சலுக்கும் தடை போட்டவர்!

நம்ம 'குக்கு வித் கோமாளி'-யில் செஃப் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் சேர்ந்து இருந்த நாட்களில், அவர்கள் திட்டினால் அது விளையாட்டு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதுவும் ஹிட் ஆனது. கத்தல் இல்லாமல் ஷோ ஓடாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கப்பல் கிச்சனில் பல வருடம் வேலை பார்த்த உறவினர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வருவார். சமையல் ஷோ என்றால் உற்சாகமாகப் பார்ப்பார், எந்தக் கத்தி எதற்கு என்று விளக்கம் வேறு கொடுப்பார். ராம்சே கத்த ஆரம்பித்தால் மட்டும், ஒரு வார்த்தை பேசாமல் ரிமோட்டை எடுத்து சேனலை மாற்றிவிடுவார்.