கோராகு கேட்டது சமத்துவமா?

எண்ணாகமத்தின் 16-ஆம் அதிகாரத்தைச் சுட்டி, சபையார் அனைவரும் பரிசுத்தரே என்று சமத்துவம் பேசிய கோராகைப் பூமி விழுங்கியதென்றும், ஆகவே வேதாகமத்தின் தேவன் கேள்வி கேட்போரைச் சகியாத கொடுங்கோலரே என்றும் சாதிக்கும் நண்பர், அவ்வரலாற்றைப் பாதி வழியிலேயே மூடிவைத்துவிட்டார்.

ஆசரிப்புக் கூடாரத்தின் பணியை ஏற்கெனவே பெற்றிருந்த லேவியனான கோராகு நாடியது எல்லோர்க்குமான சமத்துவத்தையன்று, ஆரோனிடமிருந்த ஆசாரியப் பட்டத்தையே என்பதை மோசேயின் மறுமொழி தெளிவாக்குகிறது; அவனோடு சேர்ந்த தாத்தானும் அபிராமுமோ, தங்கள் ஜனத்தை அடிமைகளாய் வதைத்த எகிப்தையே பாலும் தேனும் ஓடும் தேசமென்று புகழ்ந்தார்கள். தீர்ப்பும் உடனே விழவில்லை. மறுநாள்வரை அவகாசம் இருந்தது, சபையாருக்கு எச்சரிக்கையும் இருந்தது.

தீர்ப்பு விழுந்த வேளையில் தாத்தான், அபிராமோடு கூடாரவாசலில் நின்ற அவர்களுடைய குழந்தைகளை நினைக்கையில் என் நெஞ்சும் பதைக்கிறது; அதை மறைக்கமாட்டேன். ஆயினும் கோராகின் குமாரர் சாகவில்லை என்று 26-ஆம் அதிகாரம் கூறுவதையும், சங்கீதங்கள் பல அவர்கள் பெயரைத் தாங்கி நிற்பதையும் நண்பர் ஏன் விட்டுவிட்டார்?

கேள்வியே குற்றமாயின் 27-ஆம் அதிகாரம் எங்ஙனம் எழுந்திருக்கும்? தங்கள் தந்தை கோராகின் கூட்டத்தாரோடு சேர்ந்தவரல்லர் என்று எடுத்துரைத்து, ஆண்மக்கள் இல்லாமையால் அவர் பெயர் அற்றுப்போவது முறையோ என்று மோசேக்கும் பிரபுக்களுக்கும் சபைக்கும் முன்னே நின்று வழக்காடிய செலொப்பியாத்தின் ஐந்து புதல்வியர் கேட்பது நியாயமே என்று தேவன் தீர்ப்பளித்தார்; அத்தீர்ப்பே இஸ்ரவேலுக்குச் சட்டமுமாயிற்று.